கச்சான் மாதங்களில் ஓமான் சுற்ற

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து மஸ்கட் வந்து குடியேறுகிறவர்கள் முதல் கோடையிலேயே ஒரு தப்பு செய்கிறார்கள். "நாம பாக்காத வெயிலா" என்று குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுகிறார்கள். நம்மூர் வெயில் கடுமைதான். ஆனால் பொழுது சாய்ந்தால் கடல்காற்றில் உடம்பு ஆறிவிடும். மஸ்கட்டில் ஜூன், ஜூலை ராத்திரியும் ஆறாது. சூர் போகிற வழியில் இருக்கும் குரியாத்தில் 2018 ஜூன் 26 அன்று 24 மணி நேரமும் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. அது உலக சாதனையாகப் பதிவானது. நம்மூர்க் கணக்கு இங்கே செல்லாது.

ஆனால் நம்மூர்க் காற்றுக் கணக்கு செல்லும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கிக் கிடக்கும் என்பது மண்டபம், பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஓமானிலும் அடிக்கிறது. ரஸ் அல் ஹத் முனையை நம் தனுஷ்கோடியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வடமேற்கே மஸ்கட் வரை ஓமான் வளைகுடா: கடல் அடக்கம், புழுக்கம் அதிகம். தெற்கே அரபிக்கடல்: பேரலை, குளிர்ந்த காற்று. காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. அதன் மேல் வருகிற ஈரக்காற்று தெற்கு ஓமானில் இருக்கும் சலாலா மலைகளில் மோதி மூடுபனியும் தூறலுமாக நிற்கிறது. இதைத்தான் கரீஃப் என்கிறார்கள்.

கரீஃப் ஜூன் 21 வாக்கில் தொடங்கி செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை. ஊரில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பலர் அப்போதே குடும்பத்தை வரவழைத்து சலாலா கூட்டிப்போய், காய்ந்த மலையைப் பார்த்துத் திரும்புகிறார்கள். மே மாதம் வந்தால் சலாலாவை விட்டுவிட்டு ஜபல் அக்தர் மலைக்குப் போங்கள். சுமார் 2000 மீட்டர் உயரம், கீழே இருப்பதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவு. பிர்கத் அல் மௌஸ் போலீஸ் சாவடியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மஸ்கட்டிலிருந்து சலாலா நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் வழியாக சுமார் 1000 கிலோமீட்டர். விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் உச்சிவெயிலுக்கு முன் ஹைமாவைத் தொடலாம். அங்கே சாப்பிட்டு இளைப்பாறுங்கள். தும்ரைத்தைத் தாண்டி மலையிறக்கத்தில் மூடுபனி பிடிக்கும். அதை வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். ஹை பீம் போட்டால் பனியில் வெளிச்சம் திரும்பி அடித்து ஒன்றும் தெரியாது. ராத்திரி ஓட்டவே வேண்டாம், ஒட்டகம் குறுக்கே வரும். சலாலாவில் தென்னையும் வாழையும் சாலையோர இளநீர்க் கடையும் பார்த்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். அந்த ஞாபகத்தில் மட்டும் கடலில் இறங்கிவிடாதீர்கள். இந்த மாதங்களில் அது கச்சான் கால தென்கடலைவிட மோசம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பாலைவனச் சாலைக்கு நம்பாதீர்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். "சூட்டுக்கு வெடிக்கும், கொஞ்சம் குறைச்சுப் பிடி" என்று சொல்வதைக் கேட்காதீர்கள். காற்று குறைந்தால்தான் டயரின் பக்கம் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கிறது.

சூர் சாலையில் இருக்கும் வாதி ஷாப் பள்ளத்தாக்குக்குப் போவதானால் காலை ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். முக்கால் மணி நேரம் பாறையில் நடை, அப்புறம் நீச்சல். வாதி என்பது காட்டாறு. மலைமேல் மேகம் கருத்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் வெளியேறிவிடுங்கள். ரஸ் அல் ஹத் பக்கத்தில் இருக்கும் ரஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் பேராமை முட்டையிடுவதைப் பார்க்க இதுதான் சரியான காலம், முன்பதிவு வேண்டும். டார்ச்சோ கேமரா ஃபிளாஷோ அடித்தால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்கே தடை. சுற்றுகிறவர்களும் அந்த நேரம் நிழலில் இருங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து கெண்டைக்கால் இழுக்கும். லபான் என்று கடையில் கிடைப்பது நம் மோர்தான், உப்புப் போட்டுக் குடியுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இன்சுலின் போடுகிறவர்கள் வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் மருந்தை விட்டுப்போகாதீர்கள்.

யாராவது உளறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ உடனே 9999க்கு அழையுங்கள். வண்டி வருகிற வரை நிழலில் கிடத்தி, கைலியை நனைத்து மார்பிலும் கழுத்திலும் போட்டு விசிறுங்கள். கைலி சூடானால் மறுபடி நனையுங்கள். நினைவு சரியாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.