பிளென்ஹைம் கிட்: உடலை மூடியாச்சு, இனி கண்ணாடி

இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான பிளென்ஹைம் மார்க் 4-இன் பிளாஸ்டிக் மாதிரியில், உடலின் இரண்டு பாதியையும் போன ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஒட்டிவிட்டேன். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட், 72-இல் ஒரு பங்கு அளவு. நிஜத்தில் 17 மீட்டர் நீளமுள்ள இறக்கை, பெங்களூர் அல்சூர் வீட்டு மேசையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வருகிறது. வால் சக்கரம் உள்ள விமானம் என்பதால், பின்னால் சாயாமலிருக்க மூக்கில் எடை வைக்கும் தொல்லை இல்லை.

நான் செய்வது 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் விமானப்படையின் 11-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானங்களில் ஒன்று. ஆமாம், பந்தய மைதானமேதான். அதை அவசரத்துக்கு ஓடுதளமாக மாற்றியிருந்தார்கள். (இப்போது அங்கே கடைகள்.) அந்த வாரம்தான் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது, மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தது. அதற்கெல்லாம் காரணம், விமானந்தாங்கிக் கப்பல்களோடு வங்காள விரிகுடா பக்கம் வந்திருந்த ஜப்பானியக் கடற்படை. 9-ஆம் தேதி காலை திருகோணமலையை அடித்துவிட்டு, மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள்.

அதே காலையில் 11 பிளென்ஹைம்கள் அவர்களைத் தேடிக் கிளம்பின. 2 பாதியில் திரும்பிவிட, மீதி ஒன்பதும் ஜப்பானியக் கப்பல்களின் தலைக்கு மேலேயே போய்விட்டன. ஜப்பானியரிடம் ராடார் இல்லை, அதனால் இவை வருவது முன்கூட்டியே தெரியவில்லை. குண்டுகள் அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சுற்றித் தண்ணீரில் விழுந்தன, ஒன்றுகூடக் கப்பலைத் தொடவில்லை. அப்புறம் ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. 5 பிளென்ஹைம்கள் திரும்பவில்லை.

ஒவ்வொன்றிலும் 3 பேர். அந்த மூவர் எங்கே, எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது கிட்டின் உள்பாகத்தைச் செய்யும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. விமானி இடப்பக்கம். அவருக்கு ஓடுதளம் தெரியவேண்டும் என்பதற்காகவே மூக்கின் இடது மேல்பக்கம் குழித்துவிட்டிருக்கிறார்கள், அதனால் முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கோணலாக இருக்கும். வழி பார்ப்பவர் அந்தக் கண்ணாடி மூக்குக்குள், வரைபடத்தோடு. குண்டு போடுவதும் அவர் வேலைதான். மூன்றாமவர் பின்னால் சுழலும் கூண்டில், வயர்லெஸ்ஸும் துப்பாக்கியும் அவர் பொறுப்பு. முன்னவர்களுக்கும் அவருக்கும் நடுவே இறக்கைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. சாமணத்தால் அந்தச் சட்டத்தைப் பொருத்தும்போது, அடிபட்ட விமானத்தில் பின்னாலிருப்பவரை எட்டிப் பிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அக்கா மகன் வந்திருந்தான். "மாமா, உள்ள பொம்மை ஆளுங்க வைக்கலையா? வெளிய தெரியவே தெரியாதே, எதுக்கு இவ்ளோ பெயின்ட்?" என்றான். தெரியாதுதான். ஆனாலும் ரேடியோப் பெட்டியின் குமிழ்களுக்கு ஊசி முனையால் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுத்தான் மூடினேன்.

நண்பர் ஒருவர் ரெசினில் கடல் செய்து, விமானம் பாதி மூழ்கின மாதிரி வைக்கலாம் என்றார். எனக்கு ஒப்பவில்லை. கடலில் போனவர்களின் உடல் கிடைக்கவில்லை என்றால், அப்படிப்பட்ட விமானப்படையினரின் பெயரைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அவர்கள் முடிவை அலமாரி அலங்காரமாக ஆக்க மனசு வரவில்லை. சக்கரம் மடங்கி, பறக்கும் நிலையில்தான் நிற்கப்போகிறது.

குண்டு அறைக் கதவுகளை மூடியே ஒட்டினேன். பிளென்ஹைமில் அவற்றைத் திறக்கத் தனி இயந்திரம் கிடையாது. இழுபட்ட ரப்பர் கயிறுகள் கதவுகளைச் சாத்தி வைத்திருக்கும், விழும் குண்டே தன் எடையால் தள்ளித் திறந்துகொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் தாமதம், அதுவும் ஒரே அளவாக இருக்காது. அசையும் கப்பலைக் குறிவைப்பவருக்கு இது பெரிய சங்கடம்.

இந்தக் கதைக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் யுத்தத்தின்போது இங்கே இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்குப் பழுதுபார்க்க வந்த கேட்டலினா நீர்விமானங்கள் பெள்ளந்தூர் ஏரியில்தான் இறங்கினவாம். இன்றைக்கு நுரை பொங்கும் அதே ஏரி! ஏப்ரல் 4-ஆம் தேதி இந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டு, வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுச் சுடப்பட்டு விழுந்ததும் ஒரு கேட்டலினாதான், கனடாக்காரர் பர்ச்சால் ஓட்டியது. அடுத்த கிட் அதுதான்.

இப்போதைக்கு விமான மூக்கின் கண்ணாடி வேலை. அதில் பெயின்ட் படாமலிருக்கச் சின்னச் சின்னச் சதுரமாக மாஸ்கிங் டேப்பை வெட்டி, ஒவ்வொன்றையும் பல்குச்சியால் ஓரம் அழுத்தி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குழிந்த பக்கம் டேப் நிற்காமல் தூக்கிக்கொள்கிறது, அங்கே மட்டும் டேப்பை இன்னும் மெலிதான கீற்றாக வெட்டினால் உட்காருகிறது. அதன் பிறகு மண் பழுப்பும் கரும்பச்சையும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷை மட்டும் மழை விட்ட பிறகுதான் அடிப்பேன். இந்த ஈரத்தில் அடித்தால் பால் கொட்டின மாதிரி வெளுத்துவிடும்.