றொட் பிடி கையை வருத்தினால் எதை மாற்றுவது?

தூண்டில் றொட்டின் பிடி கைக்கு ஒத்துவராவிட்டால் பலரும் முதலில் தேடுவது மெத்தென்ற ஸ்பொஞ்சைத்தான். அதில் கைநோவு குறைவது அரிது. கை களைப்பதற்குக் காரணம் பிடியின் கடினம் அல்ல. வழுக்கும் பிடியையும் கைக்கு மெல்லிய பிடியையும் விரல்கள் தேவைக்கு மேல் நெரிக்கின்றன. பருத்த பிடியில் விரல்கள் மூடாமல் பாரம் முழுவதும் கட்டைவிரலின் அடியில் விழுகிறது. மெத்தையைக் கூட்டினால் வழுக்கலும் போகாது, கூடவே மீன் இரையைத் தொடும் சின்ன அதிர்வும் கைக்கு வராமல் போய்விடும். கொழும்பின் வெக்கையில் கை எந்நேரமும் வியர்த்திருக்கும், கடற்கரையென்றால் உப்புநீரும் சேரும். ஆகவே இங்கே முதல் கேள்வி வழுக்கல், அடுத்தது பருமன். மென்மை எல்லாவற்றுக்கும் கடைசி.

பிளேட்டை எடுக்கமுன் எங்கே நோகிறது என்று பாருங்கள். கட்டைவிரலின் அடிச்சதை நொந்தால் பருமன் பிழை. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் தோல் உரிந்தால் குற்றம் றீலின் காலில் (றீலை றொட்டோடு இணைக்கும் பகுதி), பிடியைத் தொடவே தேவையில்லை. உள்ளங்கையில் வரிவரியாகச் சிவந்திருந்தால் றீல் சீற்றின் (றொட்டில் றீலைப் பூட்டும் இடம்) மரை அழுத்துகிறது. மணிக்கட்டு நொந்தால் றொட் நுனிப்பாரமாக இருக்கிறது. முன்கையும் முழங்கையும் நொந்தால் பின்பிடியின், அதாவது றீலுக்குப் பின்னாலுள்ள பிடியின், நீளத்தைச் சந்தேகியுங்கள்.

பருமனைக் கண்டுபிடிக்க மலிவான வழி, வீட்டுக்கு வயர் இழுக்கப் போடும் பிவிசி குழாய்த் துண்டுகள். அவை 20, 25, 32 மில்லிமீற்றர் என்று வெளிவிட்டத்தின் பெயரிலேயே விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றையும் றொட்டைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். நடுவிரலின் நுனி கட்டைவிரலின் அடிச்சதையை மெல்லத் தொட்டும் தொடாமலும் நின்றால் அதுதான் உங்கள் அளவு. நகம் சதைக்குள் குத்தினால் மெல்லியது, ஒரு விரல் இடைவெளி விழுந்தால் பருமன். இரண்டு குழாய்க்கும் இடையில் உங்கள் அளவு இருந்தால், சின்னக் குழாயில் மாஸ்கிங் ரேப்பைச் சுற்றிச்சுற்றிப் பாருங்கள். பிறகு ஒரு நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம். இப்போதுள்ள பிடியையும் அதேபோல் அளந்தால், எவ்வளவு கூட்டவேண்டும், எவ்வளவு குறைக்கவேண்டும் என்பது இலக்கமாகவே கையில் வந்துவிடும்.

வித்தியாசம் 1 அல்லது 2 மில்லிமீற்றர்தான் என்றால் பட்மின்டன் ரக்கெற்றுக்குச் சுற்றும் ஓவர்கிறிப் நாடா போதும். அதன் தடிப்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர். ஒரு சுற்று போட்டால் விட்டம் 1.2 கூடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் 2.4. அகலம் பொதுவாக 25 மில்லிமீற்றர், நீளம் 1.1 மீற்றர் அளவு. 25 மில்லிமீற்றர் பருமனான பிடியில், சுற்றுக்குச் சுற்று 5 மில்லிமீற்றர் ஏற்றிச் சுற்றினால் ஒரு சுருள் 25 சென்ரிமீற்றருக்கு வரும். அடியிலிருந்து றீலை நோக்கிச் சுற்றவேண்டும். மீன் இழுக்கும்போது கை அடிப்பக்கமாகத்தான் வழுக்கும். மேலிருந்து கீழே சுற்றியிருந்தால் விளிம்புகள் கையின் போக்குக்கு எதிரே நின்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். சுற்றும்போது மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். தொய்வாகச் சுற்றியது முதல் வியர்வையிலேயே சுருண்டுவிடும். முடிவில் நாடாவைச் சரிவாக வெட்டி, அதன்மேல் இன்சுலேசன் ரேப் இரண்டு சுற்று.

இதில் ஒரு பொறி உண்டு. சுற்றிய நாடாவுக்குள் உப்புநீர் தங்கும். அது றீல் சீற்றின் உலோக வளையத்தின் மேலும் போயிருந்தால், கொஞ்ச நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து வளையம் இறுகிப்போகும். அதற்கு 5 மில்லிமீற்றர் முன்பே சுற்றை நிறுத்துங்கள்.

நம் ஊரில் வேறொரு வசதியும் இருக்கிறது: கிரிக்கெற் மட்டையின் றப்பர் உறை. எந்த விளையாட்டுப் பொருள் கடையிலும் கிடைக்கும், வரிவரியாக இருப்பதால் ஈரக்கையிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மட்டைக் கைப்பிடியின் பருமனுக்கு வார்த்தது. மெல்லிய றொட்டில் ஏற்றினால் தளர்ந்து கைக்குள் உருளும். ஏற்றமுன் பிடியில் பழைய ஓவர்கிறிப்பையோ மாஸ்கிங் ரேப்பையோ சுற்றி, உறை விரிந்துதான் ஏறவேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். உறையை வெளிப்புறமாகச் சுருட்டி அடிப்பக்கத்தில் வைத்து உருட்டிக்கொண்டே ஏற்றலாம். பாரமான கடற்கரை றொட்டுக்கு நல்லது. செயற்கை இரையை நாள் முழுவதும் வீசும் லூர் றொட்டுக்கு வேண்டாம், பருமன் அளவுக்கு மேல் போய்விடும்.

சைக்கிள் ரியூப் இன்னும் மலிவு. ரியூப்பைத் தட்டையாக வைத்து அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அதன் சுற்றளவு. பிடியின் சுற்றளவைவிட அது நூற்றுக்கு 10 முதல் 15 வரை குறைவாக இருந்தால்தான் இறுகி நிற்கும். உள்ளே சவர்க்கார நீர் தடவினால் சறுக்கிக்கொண்டு ஏறும், காய்ந்தபின் அசையாது. வெயிலும் உப்பும் பட்டு ஒட்டும் பதத்துக்கு வந்து கையைக் கறுப்பாக்கத் தொடங்கினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டியதுதான்.

சூட்டில் சுருங்கும் குழாயைப் பலர் ஈவிஏ (நுரைப் பிளாஸ்ரிக்) பிடியின் மேலேயே போட்டுக் கெடுக்கிறார்கள். மின்சாரச் சாமான் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாதியாகச் சுருங்கும் வகை. அது முழுதாகச் சுருங்க 90 பாகைக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈவிஏ இளகி ஒடுங்கும், பிடி நினைத்ததைவிட மெல்லியதாகி இடுப்பு விழும். கோர்க்கின் மேலும் வெறும் தடியின் மேலும் தாராளமாகப் போடலாம். 25 மில்லிமீற்றர் பிடிக்கு 30 அல்லது 35 அளவுக் குழாய் எடுங்கள். நீளத்திலும் சுருங்குமாதலால் இரண்டு சென்ரிமீற்றர் கூட வெட்டவேண்டும். நடுவில் சூடாக்கத் தொடங்கி இருபக்கமும் நகருங்கள். இரண்டு முனையிலிருந்தும் தொடங்கினால் காற்று நடுவில் சிக்கிக் குமிழாக நிற்கும். சூடான காற்றடிக்கும் ஹீற் கன் ஒரே இடத்தில் நிற்கவே கூடாது, காபன் தடியைப் பிணைத்து வைத்திருப்பதும் ஒரு பசைதான்.

றீல் காலும் மரையும் சில நிமிட வேலை. றீல் காலின் தண்டில் வார்ப்புக் கூர் இருந்தால் 400 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் மழுக்கி, மெல்லிய ரேப் இரண்டு சுற்று போடுங்கள். மரை உறுத்தினால், றீலைப் பூட்டியபின் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் ரேப்பை இழுத்து மரையின் மேல் சுற்றலாம். பசை இல்லாத ரேப் என்பதால் கழற்றும்போது பிளேட்டால் கீறி எடுத்தால் கறையே இராது. மரைக்குள் எபொக்சிப் பசை நிரப்பி மட்டமாக்குகிற வேலை மட்டும் வேண்டாம், பிறகு றீலைக் கழற்ற முடியாது.

இனிப் பெரிய வேலை: பின்பிடியை முழுதாக மாற்றுவது. றீலுக்கு முன்னாலுள்ள முன்பிடியை மாற்ற, அந்தத் துண்டில் தங்கூசி ஓடும் வளையங்களை எல்லாம் வெட்டியெடுத்து மீண்டும் நூல்கட்ட வேண்டும், அது வேறு தொழில். பின்பிடி அடிப்பக்கமாகவே கழன்று, அடிப்பக்கமாகவே ஏறும். றீல் சீற்றை அசைக்கத் தேவையில்லை.

அடி மூடி றப்பராக இருந்தால் கொதிநீரில் ஓரிரு நிமிடம் பிடித்துவிட்டு முறுக்குங்கள், வரும். பழைய ஈவிஏயை நீளவாக்கில் கீறவேண்டும். இங்கேதான் றொட்டுகள் சாகின்றன. பிளேட் தடியைத் தொட்டுக் காபன் இழையில் ஒரு கீறல் விழுந்தால், என்றோ ஒருநாள் பெரிய மீனோடு சரியாக அந்த இடத்தில் முறியும். ஆகவே ஈவிஏயின் தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால் பிளேட்டின் நுனியில் 4 மில்லிமீற்றர் மட்டும் வெளியே விட்டு மிச்சத்தில் ரேப் சுற்றுங்கள். கீறியபின் விளிம்பைக் குறட்டால் பிடித்துக் கிழித்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஒட்டிநிற்கும் எச்சத்தைப் பெருவிரலால் உருட்டியும் பழைய பிளாஸ்ரிக் அட்டையால் சுரண்டியும் எடுங்கள். கடைசியில் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடையுங்கள். தின்னரும் அசற்றோனும் தடியின் மேற்பூச்சைத் தின்னும். பழைய எபொக்சியை முழுதாகச் சுரண்டவேண்டும் என்றில்லை, மேடு பள்ளம் தெரியாமல் மட்டமாக்கினால் போதும். காபன் தூசு சுவாசத்துக்கும் தோலுக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈரமாகத் தேயுங்கள்.

புதிய ஈவிஏயின் துளை, தடியின் அடிப்பருமனைவிட 1 முதல் 2 மில்லிமீற்றர் சிறியதாக இருக்கவேண்டும். அதிகம் சிறியதென்றால் ஏற்றும்போதே கிழியும். சம அளவென்றால் நாளடைவில் சுழலும். வெளிவடிவத்தை ஒட்டமுன்பே தேய்த்து முடிப்பது சுலபம்: துளைக்குள் இறுகும் ஒரு கம்பியை ரேப்பால் பருமனாக்கி உள்ளே செருகி, கம்பியின் மறுமுனையை ட்ரில் மெசினில் பூட்டினால் அதுவே கடைசல் இயந்திரம். 80 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, 240, 400 என்று போங்கள். ஈவிஏ மிக விரைவாகத் தேயும். அழுத்தினால் சூடேறி மேல்தோல் பளபளத்து வழுக்கும், பிறகு வியர்வைக்கு நிற்காது. வேண்டிய அளவுக்கு அரை மில்லிமீற்றர் இருக்கும்போதே 240 க்கு மாறிவிடவேண்டும்.

ஆயத்த ஈவிஏ கிடைக்காவிட்டால் தடித்த றப்பர்ச் செருப்பின் அடியிலிருந்து, வட்டமாக வெட்டும் ஹோல் சோவால் 32 மில்லிமீற்றர் வில்லைகள் வெட்டி, நடுவில் துளைத்து, கொன்ராக்ற் பசையால் அடுக்கலாம். 25 சென்ரிமீற்றர் பிடிக்கு 15 மில்லிமீற்றர் வில்லை 17 வேண்டும். ஒட்டின இடம் சற்றுக் கடினமாக நிற்கும். எனவே மெதுவாகத் தேய்க்காவிட்டால் வரம்புகள் விழும்.

ஒட்டுவதற்கு இரண்டு பகுதி எபொக்சி. சூப்பர் குளூ நொறுங்கும், வளையும் தடியில் நிற்காது. ஐந்து நிமிட வகையை ஒதுக்கிவிடுங்கள். கொழும்பின் 30 பாகையில் அது சொன்ன நேரத்துக்கும் முந்தி, பிடி பாதிவழியில் நிற்கும்போது இறுகிவிடும். மெதுவாக இறுகும் வகையை வாங்கி இரண்டு பகுதியையும் சமமாகப் பிழிந்து இரண்டு நிமிடம் கலக்குங்கள். கலவை சரியில்லை என்றால் எத்தனை நாள் போனாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். பிடியின் வெளிப்புறத்தை மாஸ்கிங் ரேப்பால் மூடியபின், தடியில் மெல்லிய பூச்சு, துளையின் வாயில் ஒரு சுற்று. ஈர எபொக்சியே சறுக்க உதவும்.

ஒரேயடியாகத் தள்ளினால் ஈவிஏ சுருண்டு நின்றுவிடும். முன்பகுதியைப் பிடித்து இழுத்து, பின்பகுதியைத் தள்ளி, புழு ஊர்வதுபோல நகர்த்துங்கள். றீல் சீற்றைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று எழும்பிப் போகாதீர்கள். நெரிபட்ட ஈவிஏ பத்துப் பதினைந்து நிமிடத்தில் தன் நீளத்துக்கு மீளும், அப்போது றீல் சீற்றுக்கும் பிடிக்கும் இடையில் ஒரு வெடிப்புத் தெரியும். திரும்பவும் நெருக்கி, அடியில் ரேப் கட்டி 24 மணித்தியாலம் நிமிர்த்தி வையுங்கள். பிதுங்கிய எபொக்சியை ஈரமாக இருக்கும்போதே ஸ்பிரிற்றால் துடைக்கவேண்டும்.

பிடியைக் கழற்றிய கையோடு நீளத்தையும் பாருங்கள். ஒருகையால் வீசும் றொட்டில் றீல் கால் விரலிடுக்கில் இருக்க, அடி முழங்கையைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அதற்கு மேல் போனால் சட்டையில் சிக்கும், விலாவில் இடிக்கும். வெள்ளவத்தை ரயில் பாதையோரப் பாறைகளில் நின்று இரண்டு கையாலும் வீசும் நீள றொட்டுக்கு அடியை அக்குளில் வைத்து, கையை நீட்டினால் றீல் சீற் எட்டவேண்டும். நீளம் கூடியிருந்தால் தடியை வெட்டலாம் என்று சிலர் சொல்வதுண்டு. வெட்டலாம், ஆனால் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வெட்டினால் நுனிப்பாரம் கையில் தெரியும்.

நுனிப்பாரத்தை அடியில் ஈயம் வைத்துச் சரிக்கட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. கைக்குப் பின்னால் 25 சென்ரிமீற்றரில் வைக்கும் 40 கிராம், முன்னால் ஒரு மீற்றரில் இருக்கும் 10 கிராமைத்தான் ஈடுசெய்யும். குறுகிய லூர் றொட்டில் அது உதவும். அதிலும் முதலில் ஈயத்தை ரேப்பால் தற்காலிகமாகக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடி மூடிக்குள் ஒட்டவேண்டும். நீள றொட்டில் வீண் சுமை.

நைலோன் கயிறு சுற்றுவதைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 3 மில்லிமீற்றர் கயிறு விட்டத்தை 6 மில்லிமீற்றர் கூட்டும், ஆகவே ஈவிஏயின் மேல் அல்ல, வெறும் தடியின் மேல்தான். 16 மில்லிமீற்றர் தடியில் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 67 சுற்று, ஏறத்தாழ 4 மீற்றர். கட்ட அரை மீற்றர் கூட வாங்குங்கள்.

கோர்க் பிடி வைத்திருப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் உறைக்குள் ஈரமாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பிரஷும் போதும், குளோரின் வேண்டாம். விழுந்த குழிகளில் கோர்க் தூளையும் தண்ணீர் தாங்கும் மரப்பசையையும் குழைத்து நிரப்பி, காய்ந்தபின் 240 ஆல் தேயுங்கள். எபொக்சியால் நிரப்பினால் அது கோர்க்கைவிடக் கடினமாக நிற்கும், தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள கோர்க்தான் குறையும்.

கொழும்பில் சாமான் வாங்க: எபொக்சி, சாண்ட் பேப்பர், ஹோல் சோ பழைய சோனகத் தெருவில், சைக்கிள் ரியூப் டாம் வீதியில், சுருங்கும் குழாய் முதலாம் குறுக்குத் தெருவில். குழாய் வாங்கப் போகும்போது பிடியின் சுற்றளவு நூலைக் கையோடு கொண்டுபோங்கள்.