நடை தளர்ந்த நாய்களுக்கு மலைவீட்டில் தற்காலிக இடம்

பின்னங்கால் செயலிழந்த நாயை ஃபாஸ்டருக்கு, அதாவது தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, எடுக்க நினைப்பவர், மழை மாதத்தில் தன் வீட்டில் துணி எப்படிக் காய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நீலகிரியில் கூடலூர் பக்கம் என்றால் ஆடி, குன்னூர், கோத்தகிரி என்றால் ஐப்பசி. அந்த மாதங்களில் ஒரு கம்பளி காய மூன்று நாள்கூட ஆகும். சிறுநீரில் நனையும் படுக்கையைச் சமவெளியில் நான்கு விரிப்புகளை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். பழைய பருத்திப் புடவை, வேட்டியை நான்காக மடித்துத் தைத்தால் போதும், சீக்கிரம் காயும். கனத்த கம்பளி அடியில் இருக்கட்டும், நனைவது மேல்துணியாக இருக்கட்டும்.

ஷெல்டரிலிருந்து, அதாவது நாய்க் காப்பகத்திலிருந்து, நாயைப் பெறும்போதே அதன் மருத்துவச் சீட்டுகளையும் வாங்கிவிட வேண்டும். ரத்த அணுக்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், உண்ணிக்காய்ச்சலுக்கான பரிசோதனை இல்லாமல் முதிய நாயை வீட்டுக்குள் விடுவதில்லை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். மருந்துச் செலவு யாருடையது, நிலைமை மோசமானால் முடிவு யாருடையது என்பதையும் ஷெல்டரோடு முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில், நாய் துடிக்கும்போது பேசக்கூடிய விஷயம் அல்ல அது. வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில்தான் இருக்கிறது. ஆனாலும் 'கிழட்டு நாய் எங்கே கடிக்கப்போகிறது' என்று, கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் முன்தடுப்பூசியைத் தள்ளிப்போடுபவர்கள் இங்கேயும் உண்டு. வலியுள்ள நாய் தொட்டால் கடிக்கும். பார்த்துக்கொள்பவர் 0, 7ஆம் நாட்களிலும், 21 அல்லது 28ஆம் நாளிலும் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அப்படியிருந்தும் கடிபட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோவையிலிருந்து ஏற்றிவருவதானால் கிளம்புவதற்கு முந்தைய சில மணி நேரம் சாப்பாடு வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துவிடும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், சிறுநீரகம் பழுதான நாய்க்கு அது ஆபத்து. வந்ததும் விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி பாருங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனி அறை.

முடங்கிய நாயின் உயிர் அதன் சிறுநீர்ப்பையில் இருக்கிறது. படுக்கையில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்து 'தானாகப் போய்விடுகிறது' என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது பை நிரம்பி வழிவது. உள்ளே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி, காய்ச்சல் வந்து, சிறுநீரகம் வரை ஏறிவிடும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை, சரியான இடைவெளியில், கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். நாயை நிற்கவைத்தோ பக்கவாட்டில் படுக்கவைத்தோ, பின்தொடைக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வையுங்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று கையில் தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், விரல்களைத் தட்டையாக வைத்து, வால் பக்கமாக நிதானமாக அழுத்துங்கள். நீர் வரத் தொடங்கியதும் அதே அழுத்தத்தை விடாமல் வைத்திருங்கள். நீர் நின்றதும் கையை எடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஒருமுறை. வயிற்றை இறுக்கிக்கொண்டால் போராடாதீர்கள், மூச்சு விட்டுத் தளரும்வரை காத்திருங்கள். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. கால்நடை மருத்துவர் தன் கையை உங்கள் கைமேல் வைத்துக் காட்ட வேண்டும். கல் அடைத்திருக்கும் நாயை அழுத்தினால் பை கிழிந்துவிடக்கூடும். அதனால் அழுத்தியும் நீர் வராவிட்டால் மேலும் அழுத்தாமல் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். நீர் கலங்கலாக, ரத்தம் கலந்து, வழக்கத்தைவிட நாற்றமாக வந்தாலும் அப்படித்தான்.

படுக்கைக்கு நான்கு அங்குல ஃபோம், அதன்மேல் ரெக்ஸின் உறை, அதன்மேல் துணி. நாயைச் சில மணிக்கொருமுறை புரட்டிப்போட வேண்டும். இடுப்பெலும்பு முனையிலும் முழங்கையிலும் முடி உதிர்ந்து தோல் சிவந்தால் புண்ணுக்கான ஆரம்பம் அது. ஒவ்வொரு நனைவுக்கும் பின் வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும்.

குளிருக்கு வெந்நீர்ப் பை வைப்பவர்கள் அதைத் தடித்த துணியில் சுற்றி, முதுகுப் பக்கமாக, சற்றுத் தள்ளி வையுங்கள். உணர்வில்லாத கால் வெந்துபோனாலும் நாய் கத்தாது. பூட்டிய அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அந்தப் புகைநஞ்சுக்கு மனிதர்களே தப்புவதில்லை.

முதிய நாய்க்கு வழுக்காத தரைதான் பாதி மருந்து. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை கயிற்றுமிதியோ ரப்பர் விரிப்போ போட்டு, நகத்தை வெட்டிவிட்டாலே நடை மாறுவதைப் பார்க்கலாம். மூட்டுவலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதிய வலிமருந்தையும் சாப்பிட்ட பிறகே கொடுங்கள். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். கண் தெரியாத நாய் இருக்கும்வரை நாற்காலியை இடம் மாற்றக் கூடாது. மலைவீடுகளில் படிக்கட்டு அதிகம். மேல்படிக்கு முன்னால் சொரசொரப்பான மிதியடி ஒன்று இருந்தால் காலிலேயே தெரிந்துகொள்ளும். காது கேளாததைத் தூக்கத்தில் தொடாமல், தரையைக் காலால் தட்டி எழுப்புங்கள். இரவில் எந்த நாயும் வெளியே வேண்டாம். சிறுத்தை வரும் தேயிலைத் தோட்டங்கள் இவை.

தண்ணீரை அளந்து வையுங்கள். பதினைந்து கிலோ நாய் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குமேல் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவைக்கு இறங்க முடியாது.

தத்தெடுக்க யாராவது வந்தால், மாத்திரை நேரம், உணவளவு, புரட்டும் நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொடுக்கிறோம். முடங்கிய நாயென்றால், அவர்கள் எங்கள் கண்முன்னால் தாங்களே சிறுநீர் எடுத்துக்காட்டிய பிறகுதான் கொடுக்கிறோம். கை வராவிட்டால் அடுத்த வாரம் வரச் சொல்கிறோம்.