இரண்டாவது கார்டு

“அழிச்சிட்டேன்ணே” என்றேன். கேமராத் திரையை அவர் பக்கம் திருப்பியும் காட்டினேன். குனிந்து பார்த்தார். படம் அங்கே இல்லை. “சரி தம்பி” என்றார். அந்த “சரி தம்பி” இன்னும் காதில் கிடக்கிறது.

என் கேமராவில் இரண்டு மெமரி கார்டு. ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி வைத்திருப்பேன். கல்யாண வேலை பார்த்த நாளில் வந்த பழக்கம். திரையில் அழித்தால் ஒரு கார்டிலிருந்து மட்டும்தான் போகும். அது அப்போது நினைவில் இல்லை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. வாய் சொல்லும்போதே தெரியும்.

நல்ல படம் அது. மார்பளவு சாக்கடைக் குழிக்குள் நிற்கிறார். விளிம்பைப் பற்றிய இரண்டு கைகள். நெற்றியில் வழிந்த கறுப்புத் தண்ணீர் ஒரு புருவத்தில் மட்டும் தங்கி நிற்கிறது. கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்து அவர் நிறத்தை அவர் நிறமாகவே எடுத்தேன். அதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஏறி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் கேட்டார். “எம்பொண்ணு காலேஜ் படிக்குது. நான் பம்ப் ரூம்ல இருக்கேன்னுதான் அதுக்குத் தெரியும். அழிச்சிரு தம்பி.”

பிறகு வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுவந்து சுவரோரம் நின்றார். “இத எடு.”

முதல் படத்தை ஏன் வைத்திருக்கிறேன்? ஆதாரம். பாதுகாப்பில்லாமல் யாரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனாலும் கேட்கப் போனால் “இப்பல்லாம் மெஷின்தான் சார், ஆள் எறங்குறதே இல்ல” என்கிறார்கள். இறங்குகிறார் என்பதற்கு என்னிடம் படம் இருக்கிறது. நாளைக்கு அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

இதை எழுதும்போதே கூசுகிறது. செத்தால் உதவும் என்று உயிரோடு இருப்பவரின் படத்தை வைத்திருப்பது என்ன நியாயம்? அதைவிட உறுத்துவது வேறொன்று. ஒரு மாப்பிள்ளை இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் இரண்டு கார்டிலும் அழித்திருப்பேன். அவரிடம் மட்டும் எனக்கு எங்கிருந்து வந்தது இந்த உரிமை? அவர் நல்லதுக்குத்தானே என்று மறுபடியும் தோன்றுகிறது. தோன்றாமல் இல்லை.

போன மாதம் போன் செய்தார். “தம்பி, அந்த வெள்ளச் சட்ட படம் இன்னொரு காப்பி வேணும். பொண்ணு ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போறேங்குது.”

ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டும் ஒரே வரிசையில்தான் இருந்தன. ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.