பசை என்று பெயர் வைத்துவிட்டார்கள்

மார்ச் 3
நியூரானை, அதாவது நரம்பு செல்லை, மூடி வைத்துவிட்டு இன்று மூளையில் அதோடு இருக்கும் கிளியா செல்கள். 1856-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, நியூரான்களுக்கு நடுவில் இருப்பது ஏதோ ஒட்டுப்பசை என்று நினைத்து வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் கிளியா என்றால் பசை. ஒரு நியூரானுக்குப் பத்து கிளியா என்று நானே பல பேரிடம் அளந்துவிட்டிருக்கிறேன். 2009-இல் வெளியான கணக்குப்படி மனித மூளையில் நியூரான்கள் சுமார் 8,600 கோடி, ரத்தக்குழாய் செல்களையும் சேர்த்து மற்றவை எல்லாம் சுமார் 8,500 கோடி. பத்தாவது ஒன்றாவது! இனி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 4
ஆஸ்ட்ரோசைட், கிளியாவில் ஒரு வகை. நட்சத்திர வடிவம் என்பதோடு நான் நிறுத்தி வைத்திருந்த செல். ஒரு நியூரான் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டி அடுத்ததற்குச் சேதி சொல்கிறது, சரி, சொன்ன பிறகு அந்தக் குளுட்டமேட் எங்கே போகிறது என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை; அங்கேயே கிடந்தால் எதிரில் இருக்கும் நியூரான் ஓயாமல் தூண்டப்பட்டுச் செத்தே போகும். ஆஸ்ட்ரோசைட்தான் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, குளுட்டமினாக மாற்றித் திரும்ப நியூரானிடமே கொடுக்கிறது. வெளியே சேரும் பொட்டாசியத்தையும் வாரிக்கொள்கிறது. இன்னொரு பக்கம் அதன் பாதங்கள் ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன, எந்தப் பகுதிக்கு ரத்தம் கூட வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. என் படத்தில் இரண்டு நியூரானுக்கு நடுவே வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது. அழித்துத் திரும்ப வரைந்தேன், பாதம் வைக்க இடம் போதவில்லை.

மார்ச் 6
நேற்று ஒன்றும் படிக்கவில்லை. இன்று மைலின், நியூரானின் நீண்ட இழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை, பாதி தெரிந்ததுதான். உறை இல்லாத மெல்லிய இழையில் மின் துடிப்பு நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்கிறது, உறை போட்ட தடித்த இழையில் நூறு மீட்டரைத் தாண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற கிளியா செல் ஒன்றே பல இழைகளுக்கு உறை போடும்; வெளி நரம்புகளில் ஒரு ஷ்வான் செல்லுக்கு ஒரு இழையில் ஒரு துண்டுதான். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் சிதைவது முதல் வகையின் உறை, கிலான்-பாரே என்ற நோயில் பெரும்பாலும் இரண்டாவது. இதைத் தேர்வில் மாற்றி எழுதியவன் நான்.

மார்ச் 9
மைக்ரோகிளியா. 1919-இல் ஸ்பெயின் ஆய்வாளர் ரியோ ஓர்த்தேகா இதைத் தனி வகை என்று பிரித்துக் காட்டினார். கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறும் நோய் எதிர்ப்புச் செல், அதாவது ஆஸ்ட்ரோசைட்டுக்கும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்கும் சொந்தமே இல்லை. கிருமியையும் செத்த செல்லையும் தின்னும் என்பது தெரியும். ஆனால் வளரும் எலியின் மூளையில் நல்ல உயிரோடு இருக்கும் சினாப்ஸையும் (இரண்டு நியூரான்கள் சேதி மாற்றிக்கொள்ளும் இணைப்பு) தின்கிறது, அதிலும் அதிகம் துடிக்காததாகப் பார்த்து. ரத்தத்தில் பாக்டீரியாவுக்கு அடையாளம் ஒட்டும் அதே காம்ப்ளிமென்ட் புரதம்தான் இங்கே சினாப்ஸிலும் ஒட்டுகிறதாம். இந்த வரியை மூன்று முறை படித்தேன்.