கேஸில் எம்21, உள்ளே வேறு: ஒரு கமாரோ கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்த கதை

போன அக்டோபரில் 1969 செவர்லே கமாரோ ஒன்றை வாங்கினேன். நான் இருப்பது ஒஹாயோவின் சின்சினாட்டியில். இந்தக் கார் செய்யப்பட்ட நார்வுட், சின்சினாட்டிக்கு நடுவே தீவு மாதிரி கிடக்கும் சிறிய நகரம். அங்கிருந்த கார் தொழிற்சாலையை 1987இல் மூடிவிட்டார்கள். கார் இன்னும் பிறந்த ஊர்ப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மயக்கத்தில் விற்றவரிடம் அதிகம் கேள்வி கேட்கவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: "கியர்பாக்ஸ் ஒரிஜினல் எம்21. யாரும் கை வைத்ததில்லை." எம்21 என்பது மன்சி என்ற கியர்பாக்ஸின் ஒரு வகை.

சரி, பார்த்துவிடுவோம் என்று இந்தக் குளிர்காலத்தை அதற்கே ஒதுக்கினேன்.

முதல் சனிக்கிழமை

காரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அடியில் படுத்தேன். இது மன்சி கியர்பாக்ஸ்தானா என்பதே முதல் கேள்வி. இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் 1974 வரை செய்த நான்கு கியர் பெட்டி அது. அதே காலத்துச் சாகினாவும் போர்க் வார்னர் டி-10உம் தூரத்துப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். பிரித்தறிவது சுலபம். சாகினாவின் கேஸ், அதாவது வெளிக்கூடு, வார்ப்பிரும்பு. கியர் மாற்றும் அதன் மூன்று லீவர்களும் பக்கவாட்டு மூடியான சைடு கவரிலேயே இருக்கும். மன்சியின் கேஸ் அலுமினியம். ரிவர்ஸ் லீவர் மட்டும் தனியாகப் பின்னால், டெயில் ஹவுசிங்கில் இருக்கும். டி-10இலும் ரிவர்ஸ் பின்னால்தான், ஆனால் அதன் சைடு கவரில் ஒன்பது போல்ட். மன்சிக்கு ஏழு.

எண்ணினேன். ஏழு. காந்தம் ஒட்டவில்லை. மன்சிதான்.

லீவர்களை நட் போட்டு இறுக்கியிருந்ததையும் அப்போதே பார்த்தேன். "லீவரில் நட்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். அது எதைச் சொல்கிறது என்று அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

இரண்டாம் வாரம்

பெட்டியைக் கீழே இறக்கினோம். இறக்கினோம் என்பது நானும் பக்கத்து வீட்டுக்காரரும். எண்ணெயும் மண்ணும் அரை நூற்றாண்டு சேர்ந்து கறுப்புத் தோலாகப் படிந்திருந்தது. இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். டிரில்லில் கம்பி பிரஷ்ஷை மாட்டிப் பத்து விநாடி ஓட்டிவிட்டேன். நல்லவேளை, எண் எதுவும் இல்லாத மூலை. ஆனாலும் அந்த இடத்து அலுமினியம் பளபளவென்று தேய்ந்துபோனது. முத்திரை குத்திய எண்களுக்கு ஆழமே கிடையாது. கேஸில் அப்படித் தேய்த்த தடம் இருந்தால், பழைய எண்ணை அழித்துப் புது எண் குத்தியிருப்பார்களோ என்று அடுத்து வாங்குபவர் சந்தேகப்படுவார். நியாயமான சந்தேகம்தான். அதன்பிறகு பிரேக் கிளீனர், நைலான் பிரஷ், பழைய டீ-ஷர்ட். வேறு எதையும் தொடவில்லை.

கேஸில் வார்ப்பிலேயே இருந்த எண் 3925660. 1969இன் வசந்த காலத்துக் காருக்குப் பொருந்துகிற எண். ஆனால் வார்ப்பு எண் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குப் பொது. அது "இந்தக் காருக்கு உரியதாக இருக்கலாம்" என்று சொல்லுமே தவிர அதற்கு மேல் சொல்லாது.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தபோது முத்திரைகள் எழும்பி வந்தன. முதலில் தேதி முத்திரை: பி, 9, சி, 14, பி. தமிழில் எழுதினால் முதல் பி-யும் கடைசி பி-யும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அவை வேறு வேறு எழுத்துகள். முதலாவது ஆங்கில அகரவரிசையின் பதினாறாவது எழுத்து, மன்சி ஆலையின் அடையாளம். 9 என்றால் 1969. சி என்றால் மார்ச். மாத எழுத்துகள் மே வரை வரிசையாகப் போய், ஜூனுக்குத் திடீரென்று எச்-க்குத் தாவும். அதனால் பட்டியல் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது. 14 தேதி. கடைசியில் இருப்பது அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, 1969 மாடலில் இருந்து சேர்த்தது: ஏ என்றால் எம்20, பி என்றால் எம்21, சி என்றால் எம்22. ஆக, 1969 மார்ச் 14இல் எம்21 ஆகப் பூட்டிய பெட்டி. காரின் உடல் தகட்டில் ஏப்ரல் முதல் வாரம் என்று இருக்கிறது. பெட்டி முதலில், கார் பிறகு. இடைவெளி கச்சிதம்.

அடுத்ததுதான் முக்கியமானது, காரின் சொந்த எண்ணின் சுருக்கம். 1 என்றால் செவர்லே, 9 என்றால் வருடம், என் என்றால் நார்வுட், அப்புறம் ஆறு இலக்க வரிசை எண். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். ஆறும் பொருந்தின. சுற்றியிருந்த வார்ப்பின் சொரசொரப்பும் கலையாமல் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, சாப்பிட வா" என்றாள்.

மூன்றாம் வாரம்

இத்தோடு நிறுத்தியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். பேரிங் மாற்றலாம் என்று, இன்ஜின் பக்கத்து இன்புட் ஷாஃப்டைத் துடைத்தேன். 10 ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), பின்பக்க ஷாஃப்டில் 27. 1971இல் இவை 26, 32 என்று மாறின, அதனால் இதுவரை சரி. ஆனால் ஸ்ப்ளைனுக்குப் பக்கத்தில் இரண்டு வளையக் கோடுகள் இருந்தன.

1966 முதல் 1970 வரை அந்தக் கோடுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு கோடு எம்20. ஒரு கோடு எம்21. கோடே இல்லாவிட்டால் எம்22. பற்களின் சாய்வு குறைவு என்பதால் ஓடும்போது ஊளையிட்டு, 'ராக் கிரஷர்' என்று பேர் வாங்கிய பெட்டி அது. என் கேஸ் எம்21 என்கிறது, ஷாஃப்ட் எம்20 என்கிறது.

கோட்டை மட்டும் நம்ப வேண்டாம் என்று சுற்றி எண்ணிப் பார்த்தேன். சைடு கவரின் பின் லீவரைத் தள்ளி முதல் கியரில் போட்டு, பின்பக்க ஷாஃப்டில் டேப் ஒட்டி, அது ஐந்து சுற்று சுற்றும்வரை முன்பக்கத்தைக் கையால் திருப்பினேன். முதல் கியர் விகிதம் எம்21க்கு 2.20, எம்20க்கு 2.52. அதாவது 11 சுற்று வர வேண்டும், அல்லது 12.6. பதினொன்று தாண்டியது. பன்னிரண்டு தாண்டி அரைச் சுற்றுக்குச் சற்று மேலே போய்த்தான் டேப் மேலே வந்தது. இரண்டாம் தடவையும் அதே.

திறந்து பல்லை எண்ணியபோது எல்லாம் தெளிவானது. எம்21இல் இன்புட் கியருக்கு 26 பல், அது கடிக்கும் கவுண்டர் கியருக்கு 27. என்னுடையதில் 21, 25. காரை முன்னோக்கி ஓட்டும் மற்ற கியர்கள் இரண்டு வகைக்கும் பொது. இந்த இரண்டு துண்டுகளை மாற்றினால் போதும், எம்21 எம்20 ஆகிவிடும். கவுண்டர் கியரைத் தாங்கும் தண்டின் விட்டம் 1966 முதல் ஓர் அங்குலம் என்பதால், அந்த வருடங்களின் பெட்டி எதிலிருந்தும் உருவிப் போடலாம்.

அப்போதுதான் நோட்டில் இருந்த "லீவரில் நட்" உறைத்தது. 1968 வரைதான் அந்த லீவர் தண்டில் நட். 1969இல் இருந்து போல்ட் உள்ளே போய் இறுகும். ஆக, சைடு கவரும் பழைய பெட்டியொன்றிலிருந்து கியர்களோடு வந்து சேர்ந்தது. படுத்த முதல் நாளே பதில் கண்ணுக்கு எதிரே இருந்திருக்கிறது.

ஏன் மாற்றினார்கள்? என் ஊகம் பின் அச்சில் இருக்கிறது. டிரைவ் ஷாஃப்டைக் கழற்றும்போது எண்ணிப் பார்த்தேன், அச்சின் விகிதம் 3.31. அதோடு 2.20ஐப் பெருக்கினால் 7.28, சிக்னலில் கிளட்ச் கருகும். 2.52 என்றால் 8.34. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போக நினைத்த யாரோ ஒருவர், யோசித்துச் செய்த வேலை.

இப்போதைக்கு

விற்றவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எண்ணைப் பார்த்திருப்பார், பல்லைப் பார்த்திருக்க மாட்டார். கேஸ் இந்தக் காருக்கே உரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எம்21 ஜோடி ஒன்றைத் தேடிப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அச்சு 3.31 ஆக இருக்கும்வரை வேண்டாம். பேரிங், சின்க்ரோ வளையம், கேஸ்கெட் மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன். 1969க்கு உரிய சைடு கவர் நியாயமான விலைக்குக் கிடைத்தால் வாங்குவேன்.

பெட்டி பெஞ்சில் கிடக்கிறது. அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, "கேஸ் இந்தக் காருடையது. கியர் எம்20. கவர் 1968 அல்லது அதற்கு முன்" என்று எழுதி, போட்டோ எடுத்துக் காரின் பைலில் வைத்துவிட்டேன்.