அம்புக்குறிக்கு இரண்டு முனை: மார்க்டவுனில் தேர்வுக் குறிப்பு

குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். பாதி தமிழ், மீதியில் பொது அறிவும் திறனறிவும். பொது அறிவில் என்னைப் படுத்தி எடுத்தது அரசியலமைப்புதான். பழைய வண்ணாரப்பேட்டையில் உடன் படித்தவர்களோடு நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வோம். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அந்தப் படங்களுக்குள் எதையும் தேட முடியாது. திருத்தமும் செய்ய முடியாது. அதனால் குறிப்புகளை மார்க்டவுனுக்கு மாற்றினேன்.

2004ஆம் ஆண்டு ஜான் குரூபர், ஆரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு உருவாக்கிய, எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை இது. கோப்பு வெறும் எழுத்துதான். வரியின் தொடக்கத்தில் # போட்டு ஓர் இடைவெளி விட்டால் தலைப்பு. சிறுகோடு போட்டால் பட்டியல். சொல்லின் இருபுறமும் இரட்டை நட்சத்திரம் இட்டால் தடித்த எழுத்து. தண்டையார்பேட்டையில் ஏறி மின்ட்டில் இறங்குவதற்குள் இவ்வளவையும் கற்றுவிடலாம். ஆப்சிடியன் என்ற இலவசச் செயலியில் கைப்பேசியிலேயே எழுதலாம்; இணையம் வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு; ஆங்கிலப் பாடங்களில் இவை வருவதில்லை. தடித்த எழுத்துக்கு அடிக்கோட்டையும் பயன்படுத்தலாம் என்பார்கள். நமக்கு அது ஒத்துவராது. __ஆளுநர்__கள் என்று எழுதினால் அடிக்கோடுகள் அப்படியே நிற்கும், ஏனென்றால் சொல்லின் நடுவில் அவை வேலை செய்யாது. நட்சத்திரம் வேலை செய்யும். ஆனாலும் வேற்றுமை உருபையும் சேர்த்து முழுச் சொல்லையும் நட்சத்திரங்களுக்குள் வைப்பதே நல்லது. 'ஆளுநரை' என்ற சொல்லில் 'ஆளுநர்' வரை மட்டும் தடிப்பாக்க வழியே இல்லை.

ஆண்டுகள் இன்னும் வேடிக்கை. வரலாற்றுக் குறிப்பில் இப்படி எழுதியிருப்போம்:

1856. இராயபுரத்திலிருந்து முதல் ரயில்
1918. சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடக்கம்

எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணை மட்டும் மதித்து, அடுத்ததைத் தானே எண்ணும். திரையில் தொழிலாளர் சங்கம் 1857இல் பிறந்திருக்கும்! பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைச் சிப்பாய்களோடு சேர்த்துவிடும் வேலை இது. ஆண்டுக்குப் பிறகு புள்ளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி போடுங்கள். புள்ளிதான் வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு (\) இடுங்கள்.

இந்த மாற்றத்தில் எனக்கு உண்மையில் பயன் தந்தது அம்புக்குறிப் படங்கள்தான். மெர்மெய்டு என்பது படத்தையும் எழுத்தாலேயே சொல்லும் முறை. ```mermaid என்ற வரிக்கும் ``` என்ற வரிக்கும் இடையில் எழுதினால் ஆப்சிடியன் இதைத் தானே வரைந்து காட்டும். அவற்றுக்குள் படத்தின் வகையும் திசையும் முதல் வரியில் ஆங்கிலத்தில் (flowchart TD என்பதுபோல) இருக்க வேண்டும். அதன் கீழே நம் செய்தி:

1["பண மசோதா"] --> 2["மக்களவை"]
2 --> 3["மாநிலங்களவை: 14 நாள்"]
3 -->|"பரிந்துரை"| 2
3 --> 4["குடியரசுத் தலைவர்"]
2 -->|"ஏற்றோ மறுத்தோ"| 4

பெட்டிக்கு அடையாளமாக எண்ணை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் சிக்கல் வராது.

நோட்டில் கையால் வரையும்போது பெட்டிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, அம்புகளை எங்கோ ஓரிடத்தில் முடித்துவிடலாம். இங்கே முடியாது. ஒவ்வோர் அம்புக்கும் எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் எழுதியாக வேண்டும். மாநிலங்களவை பரிந்துரைத்தால் மசோதா யாரிடம் திரும்புகிறது என்று தெரியாதவரால் மூன்றாவது வரியை எழுத முடியாது. அங்கே நின்றுவிட்டால் புத்தகத்தைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து சாதாரண மசோதாவுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் தனித்தனிப் படம் எழுதி, மூன்றையும் அருகருகே வையுங்கள். பிரிவு 108 சொல்லும், இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்துக்கு அம்பு போவது சாதாரண மசோதாவிலிருந்து மட்டுமே. பண மசோதாவுக்கு அந்த வழி இல்லை. பிரிவு 368இன்படி வரும் திருத்தத்துக்கும் இல்லை. வினா எடுப்பவர்கள் விரும்புவது இந்த இல்லாத அம்புகளைத்தான். கூட்டுக் கூட்டத்தில் மசோதா நிறைவேறிய 1961, 1978, 2002 ஆகிய ஆண்டுகளை அந்தப் பெட்டிக்குள்ளேயே எழுதிவிட்டேன். தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

நிறம், எழுத்துரு, பின்னணி என்று இறங்காதீர்கள். செயலியை அலங்கரிப்பது படிப்பதைப் போலவே தோன்றும்; அதுதான் அதில் ஆபத்து. ஒரு படத்தில் பத்துப் பெட்டிக்கு மேல் வந்தால் கைப்பேசித் திரையில் எழுத்து எறும்பாகிவிடும், இரண்டாகப் பிரியுங்கள். அட்டவணையைச் செங்குத்துக் கோடுகளால் அமைக்கலாம். ஆனால் நீண்ட தமிழ்ச் சொற்கள் அதில் பிதுங்கும், எனவே இரண்டு மூன்று பத்திகளோடு நிறுத்துங்கள்.

அச்சுப்பிரதி வேண்டுமென்றால் ஆப்சிடியனின் கணினிப் பதிப்பிலிருந்தே பிடிஎஃப் எடுக்கலாம். பான்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் வழியாக மாற்றுபவர்கள், பிடிஎஃப் ஆக்கும் ஸீலாடெக் (XeLaTeX) இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுக்க வேண்டும். இயல்பாக வரும் இயந்திரம் தமிழைக் கண்டதும் பிழை சொல்லி நின்றுவிடும். ஜெராக்ஸ் கடைக்கு மார்க்டவுன் கோப்பை அனுப்பாதீர்கள். பிடிஎஃப் ஆக்கி, ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.